கம்பெனி வேலையை விட்டு நிலத் தரகுக்கு வரலாமா? கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு ஒரு பதில்

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது வருடம் மூன்று மாதமாக வேலை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000, எல்லாம் போகக் கையில் வருவது 28,000 ரூபாய். வீட்டுக் கடனுக்கு மாதம் 9,500 போகிறது. இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மாமாவோடு இடம் காட்டப் போனதில் ஒரு டீல் முடிந்து 60,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. மாமா இப்போது தமிழ்நாட்டுப் பக்கம் கந்தேகவுண்டன் சாவடியில் சைட் பிரித்து விற்கும் ஒருவரோடு சேர்ந்திருக்கிறார். "வேலையை விட்டுட்டு வாடா, வருஷத்துக்கு ஆறு முடிச்சாப் போதும்" என்கிறாராம். தம்பியின் மனைவிக்கு இதில் மனசில்லை. விடலாமா, வேண்டாமா என்பது கேள்வி.

நான் பொள்ளாச்சிக்காரன். 2004-லிருந்து தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் நிலம் வாங்கல் விற்றலில்தான் என் பிழைப்பு. அதற்கு முன் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். அதனால் மாதம் பிறந்தால் வங்கியில் விழும் சம்பளத்தின் அருமையும் தெரியும், அது நின்றுபோன முதல் வருடத்தில் வீடு பட்ட பாடும் தெரியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது விடாதீர்கள். இன்னும் ஒன்பது மாதம் வேலையில் இருந்தபடியே இந்தத் தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அது சேர்ந்த பிறகு விடலாம். உங்களுக்கு இந்தத் தொழில் சரிப்படும் என்றே நினைக்கிறேன், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 60,000. முதல் தடவை இடம் காட்டிய நாளிலிருந்து பணம் கைக்கு வரப் பதினொரு மாதம் ஆனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதக் கணக்கில் பிரித்தால் 5,450 ரூபாய்ச் சொச்சம். பெட்ரோல், வில்லங்கம் போட்ட செலவு, ஜெராக்ஸ், பார்ட்டியோடு குடித்த டீ, சாப்பாடு எல்லாம் கழித்தால் நாலாயிரம் நிற்கலாம். மொத்தமாகக் கையில் வாங்கியபோது இரண்டு மாதச் சம்பளம் ஒரே நாளில் வந்ததுபோல இருந்திருக்கும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது.

கமிஷன் கணக்கும் வெளியிலிருந்து பார்ப்பதுபோல இருக்காது. நாற்பது லட்சத்துக்கு ஒரு தோப்பு முடிகிறது, விற்றவர் இரண்டு சதவீதம் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80,000. அந்தத் தோப்பு விலைக்கு வருகிறது என்று முதலில் சொன்ன டீக்கடைக்காரர் ஒருவர், விற்பவரின் பங்காளி ஒருவர், வாங்குபவரைக் கூட்டி வந்த கோயம்புத்தூர்த் தரகர் ஒருவர், அப்புறம் நீங்கள். நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 20,000. மாமா சொல்கிற ஆறு டீல் முடிந்தாலும் வருடத்துக்கு 1,20,000. இப்போது உங்கள் கைக்கு வருடத்துக்கு 3,36,000 வருகிறது. சொந்தமாகப் பார்ட்டி பிடித்து, இரண்டு பக்கமும் நீங்களே பேசி முடிக்கும்போதுதான் பங்கு பெரிதாகும். அந்த இடத்துக்கு வர எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

ஆனால் நான் பொறுக்கச் சொல்வதற்குப் பணக் கணக்கு மட்டும் காரணம் இல்லை. என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2011-ல், வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் 40 செண்ட் தென்னந்தோப்பு ஒன்று விலைக்கு வந்தது. வாங்க வந்தவர் பாலக்காட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர். தார் ரோட்டிலிருந்து தோப்புக்குப் போக, பக்கத்துத் தோட்டத்தின் வரப்பை ஒட்டி ஒரு வண்டித்தடம் இருந்தது. விற்பவரின் பத்திரத்தில் "மாமூல் தடபாத்தியம் உட்பட" என்று, அதாவது வழக்கமாகப் போய்வரும் பாதை உரிமையோடு சேர்த்து என்று, ஒரு வரி இருந்தது. சர்வே வரைபடமான புலப்படத்தில் அப்படி ஒரு தடமே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரரின் பத்திரத்தையும் நான் பார்த்திருந்தேன். தடம் விட்டதாக அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. தடம் யார் நிலத்தில் போகிறதோ அவருடைய பத்திரத்தில் இல்லாத உரிமையை, போகிறவர் தன் பத்திரத்தில் மட்டும் எழுதிக்கொண்டால் நாளைக்குத் தகராறு வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அது ஜூன் மாதம். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு முந்தைய நான்கு மாதமும் ஒரு கிரயம்கூட முடியவில்லை. ஆசிரியர் தடத்தில் நின்றுகொண்டு, "இதில் பிரச்சினை ஏதும் வராதே?" என்று கேட்டார். "காலங்காலமா இருக்கிற தடம் சார், யாரும் மறிக்க மாட்டாங்க" என்றேன்.

ஆறு மாதத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டுவிட்டார். ஆசிரியர் ஒருநாள் காலையில் முதல் பஸ் பிடித்து என் வீட்டுக்கே வந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பத்திர நகல் வைத்த பிளாஸ்டிக் பை. சத்தம் போடவில்லை. என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். வாங்கிய 35,000 கமிஷனை இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்தேன். பேச்சுவார்த்தை இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் பக்கத்துத் தோட்டக்காரரிடமே மூன்று செண்ட் நீளவாக்கில் விலைக்கு வாங்கித்தான் பாதை கிடைத்தது. அதில் பாதிப் பணம் என்னுடையது.

தம்பி, அன்றைக்கு என் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது. அதை உறுதியாகச் சொல்வேன். இந்த டீல் முடிந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவனுக்குப் பத்திரத்தில் உள்ள ஓட்டை கண்ணில் படாது, பட்டாலும் சொல்ல நா எழாது. "இந்த இடம் வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று பார்ட்டியிடம் சொல்வதுதான் இந்தத் தொழிலில் பெரிய வேலை. அப்படிச் சொல்லக் கையில் பணம் இருக்க வேண்டும். நான் கேட்கிற ஒரு வருடச் சேமிப்பு முதலில் அதற்காகத்தான், சாப்பாட்டுக்கு என்பது அடுத்தபடி.

அது எவ்வளவு? உங்கள் வீட்டுச் செலவு கடன் தவணையோடு சேர்த்து 26,000 என்று எழுதியிருக்கிறீர்கள். தொழிலுக்கென்று பெட்ரோல், போன், நகல், விளம்பரம் எல்லாம் மாதம் 8,000 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 34,000. பன்னிரண்டு மாதத்துக்கு 4,08,000. இது நகையை அடகு வைத்தோ, மனைவி போட்டுவரும் சீட்டை எடுத்தோ புரட்டும் பணமாக இருக்கக் கூடாது. சும்மா கிடக்கும் பணமாக இருக்க வேண்டும்.

ஒரு வருடம் என்பது அதிகம் என்று மாமா சொல்வார். 2016-ஐ அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். அந்த வருடம் செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. தமிழ்நாடு முழுக்க மனை விற்பனை அப்படியே நின்றது. அந்த அடியிலிருந்து எழுவதற்குள் நவம்பர் 8-ல் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-ல் வந்த பிறகுதான் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் மறுபடி ஆள் நடமாட்டம் தெரிந்தது. அந்த எட்டு மாதத்தில் எனக்குத் தெரிந்த நான்கு தரகர்கள் தொழிலையே விட்டுப் போனார்கள். ஒருவர் ஆனைமலையில் தேங்காய் மண்டியில் கணக்கெழுதப் போனார், இன்றும் அங்கேதான் இருக்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் இதே கதைதான். நாம் தவறே செய்யாவிட்டாலும் ஏதோ ஒரு உத்தரவில் தொழில் ஒரு வருடம் படுத்துவிடும்.

ஒன்பது மாதம் பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் உங்கள் பி.எஃப். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் 15,000-க்குள் இருந்திருந்தால் பி.எஃப்-போடு ஓய்வூதியத் திட்டத்திலும் உறுப்பினராக இருப்பீர்கள். பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடச் சேவை முடித்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. இன்றைய கணக்கில் அது மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஆனாலும் சாகும்வரை வருவது, அதற்குப் பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு வருவது. ஒன்பது மாதத்துக்காக அதை விட வேண்டாம். பி.எஃப் பணத்தையும் எடுத்துத் தொழிலில் போடாதீர்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால், வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உங்களுக்கு எப்படியும் உண்டு. 18,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கு 10,384 ரூபாய். பத்து வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நான் சொன்ன நான்கு லட்சத்தில் கால் பங்கு இங்கேயே வந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு காரியம், வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். கம்பெனி எடுத்துக் கொடுத்தது கம்பெனியை விட்டால் போய்விடும். புதிதாக எடுக்கும் பாலிசியில் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறது, அது இப்போதே ஓடத் தொடங்கட்டும். அடுத்தது, வீட்டுக் கடனில் வட்டி குறைப்பதோ வேறு வங்கிக்கு மாற்றுவதோ இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே செய்யுங்கள். கமிஷன் வருமானக்காரனை வங்கி இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு கேட்டு அலைக்கழிக்கும்.

சரி, ரியல் எஸ்டேட் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் எந்த வேலைக்கு மாமா கூப்பிடுகிறார்? கமிஷனுக்கு இடம் முடித்துக் கொடுப்பது ஒன்று. சைட் போட்டவரிடம் சம்பளத்துக்கோ மனைக்கு இவ்வளவு என்றோ விற்றுக் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, நில உரிமையாளரிடம் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டு, அதற்குள் அதிக விலைக்கு வேறு ஆளைப் பிடித்துக் கைமாற்றி விடுவது. வீட்டை விற்றுவிட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் என்று நான் பார்த்த அத்தனை பேரும் இந்த மூன்றாவதில் இறங்கியவர்கள். மூன்று மாதத்தில் ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போச்சு. அந்த அட்வான்ஸும் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியதாக இருக்கும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. இன்னும் வெள்ளைத்தாளில், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு லட்சக்கணக்கில் கை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஐந்து வருடம் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று உங்கள் மனைவிக்கு வாக்குக் கொடுங்கள்.

இனி, உங்களுக்கு இது சரிப்படும் என்று சொன்னதற்கான காரணம். நீங்கள் கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும் என்கிறீர்கள். இந்த எல்லையில் அதைவிடப் பெரிய முதலீடு கிடையாது. கோயம்புத்தூர்க்காரர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தோப்பு வாங்க வருகிறார், பாலக்காட்டுக்காரர் பிள்ளைகள் படிப்புக்காகக் கோவைப் பக்கம் மனை தேடுகிறார். இரண்டு பேருக்கும் மறுபக்கத்துக் காகிதம் புரிவதில்லை. சொல் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருப்பதுதான் அவர்களைக் கவிழ்க்கிறது.

"ஆதாரம்" என்றால் நமக்குச் சாட்சி, அத்தாட்சி. அங்கே அதுதான் கிரயப் பத்திரம், நாம் தாய்ப்பத்திரம் என்பதை அவர்கள் முன்னாதாரம் என்பார்கள். "போக்குவரவு" என்றால் பஸ் லாரி ஓடுவது இல்லை, பட்டா மாறுதல் போன்றது. வாங்கியவர் பேருக்கு வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு செய்து, தண்டப்பேர் எண் (நில வரிக் கணக்கு எண்) வாங்கி, அவர் பேரில் கரம், அதாவது நில வரி, அடைத்த ரசீது வந்தால்தான் காரியம் முடிந்தது. எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் "நிலம்". நமக்கு எல்லா மண்ணும் நிலம். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ஒரு சர்வே எண்ணுக்கு நேரே "நிலம்" என்று இருந்தால் அது நெல்வயல், "புரயிடம்" என்று இருந்தால்தான் வீடு கட்டும் தரை.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வண்ணாமடைப் பக்கம் ஒரு ஏக்கர் பார்த்தார். தென்னை நாற்பது வருடத்து மரம். கேரளத்தில் 2008-ல் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி பஞ்சாயத்து வாரியாக வயல்களைக் குறித்து டேட்டா பேங்க் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். தென்னை நின்றாலும் ரசீதில் நிலம் என்று இருந்தால் பொதுவாக அப்படியே வீடு கட்ட அனுமதி கிடைக்காது. பட்டியலில் தவறாகச் சேர்ந்திருந்தால் நீக்கக் கேட்டு ஃபாரம் 5, பட்டியலில் இல்லாத நிலத்தின் தன்மையை மாற்ற 50 செண்ட் வரை ஃபாரம் 6, அதற்கு மேல் ஃபாரம் 7 என்று வருவாய்த் துறைக்கு மனுப்போட வேண்டும். 25 செண்டுக்கு மேல் போனால் கட்டணமும் உண்டு, மாதங்களும் ஓடும். அந்த ஏக்கரின் கர ரசீதில் நிலம் என்றே இருந்தது. "தோப்புதானே, வீடு கட்டலாம்" என்று அவருக்கு இடம் காட்டிய தரகர் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. ரசீதை வாங்கிப் படிக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்குத்தான் உங்களுக்குக் கமிஷன்.

பதிவுச் செலவும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும். கேரளத்தில் 8-ம் 2-ம். அளவு அங்கே ஆர் கணக்கில் எழுதியிருக்கும், ஒரு ஆர் என்றால் ஏறக்குறைய இரண்டரை செண்ட். 2022 நவம்பரிலிருந்து கேரளத்தில் டிஜிட்டல் ரீசர்வே நடந்துவருவதால் பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் குழம்பி நிற்கும் இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை வேறு. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். பாகத்தில் கையெழுத்துப் போடாத அக்காள் தங்கை அதில் தெரிய மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 1989-லேயே உரிமை வந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் உறுதியாக்கியது. நம் பக்கத்தில் இன்னும் "சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அவளுக்கென்ன பங்கு" என்று பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்து, அதில் உள்ள ஒவ்வொரு பேருக்கும் நேராக ஒரு கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அப்புறம் பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கில் சேருமா. மதுக்கரையைச் சுற்றி மலையடிவாரக் கிராமங்கள் என்றால் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) எல்லைக்குள் வருகிறதா, யானை நடக்கும் தடமா. இதெல்லாம் கேட்காமல் மலை தெரிகிறது, காற்று நன்றாக இருக்கிறது என்று மனை விற்றவர்கள் நிறைய.

மாமா சேர்ந்திருக்கும் சைட் விஷயத்துக்கு வருகிறேன். 500 சதுர மீட்டருக்கு மேல் இடத்தை மனையாகப் பிரித்து விற்பதென்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்ய வேண்டும். அதை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டும் தனியாகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் தனி ஆளுக்குக் கட்டணம் 25,000 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும். பதியாமல் விற்றுக் கொடுத்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று அபராதம் ஏறிக்கொண்டே போய், அந்தச் சொத்து விலையில் 5 சதவீதம் வரை வரும். பஞ்சாயத்துத் தலைவர் சீல் போட்டுக் கொடுத்த வரைபடத்தைக் காட்டி "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் நகர ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி-க்குத்தான். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்டு விற்ற மனைகளுக்குத்தான் வரன்முறைப்படுத்தும் சலுகை. அதற்குப் பிறகு போட்டவை அதில் சேராது.

மாமா நல்லவராகவே இருக்கட்டும். அவரோடு தொழில் செய்வதாக இருந்தால் கமிஷனில் யாருக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு டீலுக்கும் முன்னால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தாய்மாமாவிடம் தாள் நீட்டுவது சங்கடம்தான். எழுதாமல் விட்டுப் பிறகு கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகாமல் நின்றுபோன உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். பார்ட்டியின் அட்வான்ஸ் பணத்தை உங்கள் கையிலோ கணக்கிலோ வாங்காதீர்கள், வாங்குபவர் கணக்கிலிருந்து நேராக விற்பவர் கணக்குக்குப் போகட்டும். நிலத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியே தவறு, வாங்கிய அளவுக்கே அபராதம் வரும்.

கஞ்சிக்கோட்டு விலையேற்றத்தைப் பார்த்தும் உங்களுக்கு ஆசை வந்திருக்கிறது என்று தெரிகிறது. 2024 ஆகஸ்ட் 28-ல் மத்திய அமைச்சரவை பாலக்காடு தொழில் நகரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய்த் திட்டம் என்று செய்தி வந்த மறுவாரமே, கஞ்சிக்கோடு இருக்கும் பாலக்காட்டுப் புதுச்சேரிப் பஞ்சாயத்தைச் சுற்றிச் செண்டு விலையைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்லும் விலை ஒன்று, பத்திரம் முடியும் விலை ஒன்று. திட்டம் நிஜம்தான், வளர்ச்சியும் வரும். எந்த வருடம் எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி வேலையை விடும் தேதியைக் குறிக்க வேண்டாம்.

இந்த ஒன்பது மாதத்தில் என்ன செய்வது? லீவு கிடைக்கும் நாளில் காலை பத்து மணிக்கு ஒரு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போய்ச் சாயங்காலம் வரை உட்காருங்கள். ஒரு தடவை சித்தூர், ஒரு தடவை மதுக்கரை. எந்தப் பத்திரம் ஏன் திரும்பியது என்று பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். உங்கள் சொந்த வீட்டு ஆதாரத்திலிருந்து ஆரம்பித்து, சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் அனுமதியோடு இருபது பத்திரங்களை முதல் வரியிலிருந்து கடைசி வரை படியுங்கள். நான்கு எல்லையை வாசித்துவிட்டு நேரில் போய் அந்த எல்லையில் நில்லுங்கள். தரக்கட்டுப்பாட்டில் ஒன்பது வருடம் இருந்தவருக்கு இது புதிதாக இருக்காது. பத்துப் பொருளில் ஒன்று சரியில்லை என்றால் ஒதுக்கி வைக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. அதே கண்ணைப் பத்திரத்தின் மேல் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இடம் காட்டுவதும் நிற்க வேண்டாம். ஒன்பது மாதத்துக்குள் மாமாவின் கையைப் பிடிக்காமல் உங்கள் சொந்தப் பார்ட்டியோடு இரண்டு கிரயம் முடித்து, நான்கு லட்சத்தில் கிராஜுவிட்டி போக மீதி கையில் இருந்தால் ராஜினாமா எழுதுங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். கம்பெனியில் சண்டை போட்டு வெளியே வராதீர்கள், நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்த்து அனுபவச் சான்று வாங்கி வாருங்கள். 36 வயதில் திரும்பிப் போக வேண்டி வந்தால் அந்தத் தாள் வேண்டும்.

உங்கள் மனைவிக்கு மனசில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரைச் சமாதானப்படுத்தும் வழி கேட்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் என்ன பேசுகிறீர்கள், எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறீர்கள், எத்தனை பேர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று அவர் பார்க்கட்டும். அவர் பயப்படுவது எதற்கு என்று அன்றைக்குத்தான் உங்களுக்கும் சரியாகப் புரியும். நான்கு லட்சம் அவர் பேரில் உள்ள கணக்கில் இருக்கட்டும், மாதம் 34,000 அங்கிருந்து அவர் கையால் எடுத்துத் தரட்டும்.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை இருக்கிறது. மாமாவிடம் அந்த சைட்டின் ரெரா பதிவு எண்ணையும் டிடிசிபி எண்ணையும் கேளுங்கள். கொடுத்தால் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டு, அதில் வரும் வரைபடமும் அவர்கள் கையில் வைத்துக் காட்டும் வரைபடமும் ஒன்றுதானா என்று மனை மனையாக ஒத்துப் பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் விற்பனை மனையாக மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "அதெல்லாம் வந்திட்டிருக்குது, நீ முதல்ல வா" என்று பதில் வந்தால், எண் வரும்வரை அந்த சைட்டில் ஒரு மனையைக்கூட யாருக்கும் காட்டாதீர்கள்.